கவிழ்த்து வைத்த குவளை

குவளை நிமிர்ந்திருந்தது.

வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தவன், கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். அலமாரியின் மேல்தட்டில், ஒரு சின்னத் தட்டின்மேல், இத்தனை வருஷமும் வாய் கீழாகக் கவிழ்ந்தே கிடந்த அந்த வெள்ளை எனாமல் குவளை இப்போது வாய் மேலாக நின்றது. கைப்பிடியில் சுற்றியிருந்த சிவப்பு நூல் அப்படியேதான் இருந்தது. விளிம்பில் எனாமல் பெயர்ந்த கறுப்பு வடுவும் அப்படியேதான் இருந்தது. ஃபிரிட்ஜ் வழக்கம்போல உறுமியது, குழாய் சொட்டியது, வீட்டில் வேறு எதுவும் இடம் மாறவில்லை.

"கப்பை யார் தொட்டது?"

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை. "வீட்டுல இருக்கறதே நாம ரெண்டு பேர். நீங்க இல்லைன்னா நான்தானே."

"அதைத் தொடாதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"சொன்னீங்க. யாரு இல்லைன்னா. என் தம்பி அங்க முகாம்ல இருக்கான். இன்னைக்கு நாள் வேற இப்படிப்பட்ட நாள். காலையில இருந்து அது கவுந்து கிடக்கறதைப் பாக்க மனசு வரலை. நல்லா வெளக்கி நிமித்தி வெச்சேன். அவ்வளவுதான். அதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கறீங்க?"

விஷயம் தெரியாதவர்களுக்கு இது அற்பமாகத்தான் தோன்றும். ஒரு குவளை நிமிர்ந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் யாரும் அந்த ராணுவ முகாமில் ஒரு ராத்திரி தங்கியவர்கள் இல்லை.

இன்றைக்கு வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் இவன் ஒரு காலத்தில் ராணுவத்தில் கம்பியில்லாக் கருவியைச் சுமந்தவன். கூட்டாளிகள் வைத்த பெயர் ரேடியோ. கடல் தாண்டிப் போய், யாரோ இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் நின்று அமைதி காக்கிற வேலை. ஆற்றங்கரையில் முகாம். ரோந்துக்குக் கிளம்புகிறவன் தன் தேநீரைக் குடித்து முடித்துக் குவளையை வாசல் பலகையில் கவிழ்த்துவிட்டுப் போவான். திரும்பி வந்தால் தன் கையாலேயே அதை நிமிர்த்தி மறுபடி தேநீர் வாங்கிக்கொள்வான். கவிழ்த்தவன்தான் நிமிர்த்த வேண்டும், வேறு யாரும் விரல்கூட வைக்கக் கூடாது. அதை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்த அதிகாரியும் போட்ட உத்தரவில்லை. ஆனால் கேட்டில் நிற்கிறவன் அந்தப் பலகையைத்தான் பார்ப்பான். எல்லாம் நிமிர்ந்திருந்தால் எல்லாரும் வந்தாயிற்று, கேட்டைப் பூட்டு. ஒன்றே ஒன்று கவிழ்ந்திருந்தாலும் விளக்கை அணைக்காதே, காத்திரு.

ஊசியின் குவளை நிமிரவே இல்லை.

ஆள் ஒல்லி என்பதால் மட்டும் அவனுக்கு அந்தப் பெயர் வரவில்லை. தொப்பியின் உள்மடிப்பில் எப்போதும் ஓர் ஊசியும் சிவப்பு நூலும் வைத்திருப்பான். எவன் சட்டையிலாவது ஒரு பொத்தான் தொங்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்து இழுத்து நிறுத்தித் தைத்துவிட்டு, பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுப் போவான். சிவப்பு நூலைத் தவிர வேறு நூல் அவனிடம் கிடையாது. அந்தப் படைப்பிரிவே சிவப்புப் பொத்தான்களோடு திரிந்தது.

அன்றைக்கும் இதே மாதிரி மழை. ஆற்றைக் கடக்கும்போது அவன் ஓட்டி வந்த வண்டி புரண்டு தலைகீழாகக் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். வெள்ளத்துக்கு மேலே வண்டியின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு தட்டு. கருவி பேசாமல் போனால் இப்படித் தட்டுங்கள், 'நான் இருக்கேன்' என்று அர்த்தம் என ரேடியோதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். கரையில் நின்று தொண்டை கிழிய உதவி கேட்டுக்கொண்டே அவன் அந்தத் தட்டலைக் கேட்டான். கயிறு கட்டி இறங்கிய இரண்டு பேரையும் வெள்ளம் திருப்பி அடித்தது. சத்தம் வெகுநேரம் வந்தது. பிறகு மெதுவாக வந்தது.

மறுநாள் தண்ணீர் வடிந்து வண்டியைத் தூக்கியபோது கதவுகள் சாத்தியே இருந்தன. உள்ளே சேறு இருந்தது, தொப்பி இருந்தது. ஆள் இல்லை.

நாடு திரும்பும்போது அந்தக் குவளையை ரேடியோ கவிழ்ந்தபடியே ஒரு பலகையில் வைத்து மடியில் சுமந்து வந்தான். விமான நிலையத்தில் சோதனைக்காரர் அதற்கு அடியில் என்ன என்று கேட்டதற்கு, நிமிர்த்த மாட்டேன் என்று அடம் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, முற்றிய கேஸ் போல என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது இவன் காதில் விழத்தான் செய்தது. விழுந்தால் விழட்டும்.

வருஷா வருஷம் இந்த நாளில், இன்னும் அங்கே வேலை பார்க்கும் பழைய கூட்டாளிகள் வீடியோவில் கூப்பிடுவார்கள். இவன் போனைக் குவளைக்கு எதிரில் சாய்த்து வைப்பான். அவர்கள் அங்கே, இவன் இங்கே, எல்லாரும் ஊசியைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார்கள். இந்த வருஷம் கூட ஒரு முகம் உண்டு. மனைவியின் தம்பி. மாமா கதையைக் கேட்டுக் கேட்டே ராணுவத்தில் சேர்ந்து, பிடிவாதமாக அதே முகாமுக்குப் போனவன். அங்கே அவன் பெயர் புதுசு. அம்மா போன பிறகு அக்காதான் அவனுக்கு அம்மா. அவனுக்கு ஒன்று ஆனால் அவள் உயிர் தரிக்க மாட்டாள் என்பது ரேடியோவுக்குத் தெரியும். அவன் அங்கே போக விதை போட்டது யார் என்பதும் தெரியும்.

அவன் புறப்பட்ட அன்று இதே சமையலறையில் டம்ளரில் தேநீர் குடித்துவிட்டு விளையாட்டாக அதைக் கவிழ்க்கப் போனான். ரேடியோ பட்டென்று அவன் கையில் அடித்தான். "அதெல்லாம் அங்க போய்க் கத்துக்கோ. வீட்டுல வேண்டாம்." அந்த எவர்சில்வர் டம்ளரை அக்கா தினமும் கழுவி, நிமிர்த்தியே வைத்திருந்தாள். கீழ்த்தட்டில் அது பளபளவென்று நின்றது.

இப்போது ரேடியோ ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினான். குவளையைத் திரும்பக் கவிழ்த்துவிட்டால் சரியாகிவிடும். கை நீட்டினான். வாடை மூக்கில் ஏறியது. ஆற்றுச் சேறும் டீசலும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை, அந்த ஒரு கரையைத் தவிர வேறெங்கும் அவன் முகராத வாடை. குவளைக்குள் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கழுவிய தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் கலங்கலாக இருந்தது.

கவிழ்ப்பது என்றால் வெளியே போவது. இந்த மழையில், இந்த நாளில், ஊசியை மறுபடி வெளியே அனுப்புவதா? அவனுக்குக் கை வரவில்லை. சிரிப்பு மாதிரியும் வந்தது, அழுகை மாதிரியும் வந்தது.

"வந்துட்டியாடா?" என்றான் மெதுவாக. "சரி. உள்ள வா."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று தோன்றியது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பழைய நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மூன்றாவது பொத்தானுக்குக் கை போனதும் நின்றது. அந்தப் பொத்தான் விழுந்து ஒரு மாதம் இருக்கும். தைத்துக் கொடு என்று மனைவியிடம் கேட்டு, அவள் மறந்து, இவனும் மறந்தது. இப்போது அங்கே ஒரு பொத்தான் இருந்தது. சிவப்பு நூலில் தைத்து, முனையைக் கத்தரிக்காமல் கடித்துத் துண்டித்திருந்தது. கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"நீ தெச்சியா இதை?"

"எதை?"

"ஒண்ணுமில்லை."

அவன் அதை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் பார்ப்பாள். பார்த்தால் அது உண்மையாகிவிடும்.

வெளியே மழை வலுத்தது. தெரு விளக்கு எரியத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகச் சமையலறைச் சுவரில் நீர்க்கோடுகளின் நிழல் இறங்கி இறங்கிப் போனது, அறை முழுவதுமே தண்ணீருக்கு அடியில் இருப்பதாக ஒரு கணம் தோன்றியது. முன்னறையில் உட்கார்ந்தான். போன் அடித்தது.

திரையில் சட்டியின் அகலமான முகம் வந்தது. முகாமின் சமையல்காரன், அன்றைக்கு ஆற்றில் கயிறு கட்டி இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தன். பின்னால் பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் அதே பலகை.

"டேய் ரேடியோ, எப்படிடா இருக்க? கொஞ்சம் லேட்டாயிடுச்சு. இங்க மழை பிச்சுக்கிட்டு ஊத்துது. ஆத்துல ஒரு வண்டி கவுந்துடுச்சு."

ரேடியோவின் கை போனை இறுக்கியது. "ஆளுங்க?"

"எல்லாரும் வந்தாச்சுடா, பயப்படாத. கப்பு எல்லாம் நிமிந்தாச்சு, கேட்டும் பூட்டியாச்சு. அந்த வண்டியில போன உன் மச்சான்தான் கடைசி. அவன் எப்ப உள்ள வந்தான்னே யாரும் பாக்கலை. வெளிய விளக்கைப் போட்டுட்டு நின்னுக்கிட்டிருக்கோம், திரும்பிப் பாத்தா அவன் கப்பு நிமிந்திருக்கு. ஆளு மூலையில உக்காந்திருக்கான். நல்ல புள்ளைடா, வந்ததும் வராததுமா வேலை செய்யுது."

"என்ன வேலை?"

"எல்லாருக்கும் பொத்தான் தெச்சுக் குடுக்குது."

மனைவி வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "தம்பி எங்க? அவனைக் காட்டுங்களேன்."

சட்டி போனைத் திருப்பினான். பெஞ்சின் கோடியில் தலைகுனிந்து ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. தோள் மச்சானுடைய தோள், காது மச்சானுடைய காது. மடியில் ஒரு சட்டை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் அக்காவிடம் சட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறவனின் கை, இப்போது மேலும் கீழும் போய் வந்தது. நிதானமாக. பழகிய கை.

நூல் சிவப்பு.

"தலையைத் துவட்டுடா, சளி பிடிக்கும்" என்றாள் அக்கா. குரலில் நிம்மதி வழிந்தது. இவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "பாத்தீங்களா? நிமித்தி வெச்சேன், வந்துட்டான்."

சமையலறையில் ஏதோ தட்டியது.

முதலில் அவன் ஃபிரிட்ஜ் என்றுதான் நினைத்தான். கம்ப்ரெசர் பிடிமானம் தளர்ந்தால் அப்படித் தட்டும், ஒரு நாளைக்குப் பத்து வீட்டில் கேட்கிற சத்தம். எழுந்து போனான். பிளக்கைப் பிடுங்கினான். ஃபிரிட்ஜ் நடுங்கி அடங்கியது. வீடு திடீரென்று அமைதியானது.

டொக்.

இடைவெளி.

டொக், டொக்.

கீழ்த்தட்டில் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

ரேடியோ முன்னறைக்கு ஓடி அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக் குனிந்தான். "சட்டி. கேளு. ஆத்துக்குப் போங்கடா. அந்த வண்டிக்குள்ள ஆள் இருக்கு."

"யாருடா இருக்கா? எல்லாரும் இங்கதான இருக்கோம்."

"என் மச்சான் இருக்கான். தட்டறான். கேக்குது எனக்கு."

பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சட்டியின் முகம் இளகியது. அந்த இளக்கம்தான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. "டேய். இந்த நாள் வந்தாலே உனக்கு இப்படித்தான். போன வருஷமும் தட்டுதுன்னு சொல்லி அழுத. எங்களுக்கும் கேக்கத்தான்டா செய்யுது, தூங்கவிடாம. என்ன பண்றது. உன் மச்சான் இதோ உக்காந்திருக்கான், நல்லாப் பாரு. வண்டி கிடக்கட்டும், தண்ணி வடிஞ்சதும் காலையில தூக்கிக்கலாம். ஆளுதான் எல்லாரும் வந்தாச்சே."

"எனக்காக ஒரே ஒரு தடவை போய்ப் பாருடா. உன் கால்ல விழறேன்."

"கேட்டைப் பூட்டியாச்சுடா" என்றான் சட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கினான். மச்சானின் முகம்தான். கண்ணில் மட்டும் வயசு கூடியிருந்தது. நூலைப் பல்லில் வைத்தபடி இவனைப் பார்த்துச் சிரித்தான். எப்போதும் மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பையன்.

"டேய் ரேடியோ" என்றான். "நீதானடா உள்ள வான்னு சொன்ன."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஏன்டா மாமாவை டேய்ங்கற?" அதற்குள் சமையலறையில் மறுபடி தட்டியது. அவள் திரும்பினாள். அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்க, இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மாமா சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அவள் தம்பி கரண்டியால் அந்த டம்ளரில் தட்டித் தட்டி அவள் உயிரை வாங்கியிருந்தான்.

"தம்பி தட்டற மாதிரி இருக்கே" என்றாள்.

அவள் போனைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குள் நடந்தாள். இவன் பின்னால் போனான். டம்ளரின் விளிம்பைச் சுற்றிக் கலங்கிய தண்ணீர் கசிந்து, தட்டின் ஓரம் வரை வந்து, தரையில் சொட்டியது. சேற்று வாடை. டீசல் வாடை. டம்ளர் லேசாக அதிர்ந்தது.

டொக்.

டொக், டொக்.

"நிமித்துங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "நிமித்துங்களேன்."

நிமிர்த்தலாம். ஆனால் ஊசியின் குவளை நிமிர்ந்ததால்தான் இது கவிழ்ந்தது; இதை நிமிர்த்தினால் வேறு எவன் குவளையோ கவிழும். யாருடையது? அவன் கை நீண்டது. நடுவழியில் நின்றது. மேல்தட்டில் வெள்ளைக் குவளை நிமிர்ந்து நின்றது, அதிலிருந்து இப்போது ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டாள். டம்ளரின் அடியில் காதை வைத்தாள். மறுகையில் இருந்த போனில் அவள் தம்பியின் முகம், கடல் தாண்டிய ஏதோ ஒரு பெஞ்சில், தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தது.

"மெதுவாயிடுச்சுங்க" என்றாள்.

டொக்.

இடைவெளி.

போனில் நூலைக் கடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார்கள்.